கார்த்தி என்று ஒரு போன்

இந்த இன்டர்நெட் கம்பெனிக்கு வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு வரும் அழைப்புகளில் முக்கால்வாசி "நெட் ஸ்லோவா இருக்கு" என்பதாகத்தான் இருக்கும். அதற்கு என்ன செய்வது என்று பயிற்சியிலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். ஓய்வுபெற்று வீட்டில் இருக்கும் நான் அதில் கூட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை.

இன்னொரு வகை அழைப்பும் வரும். பேசுகிறவரின் குரல் தாழ்ந்திருக்கும். "மேடம், எங்க வீட்டு வைஃபைல யாரோ இருக்காங்க" என்பார்கள். கவனியுங்கள். 'ஏதோ இருக்கு' என்று யாரும் சொல்வதில்லை, 'யாரோ' என்றுதான் சொல்வார்கள். வைஃபையில் இணைந்திருப்பவற்றின் லிஸ்டில் தெரிவது ஒரு கருவி. ஆனால் தெரியாத ஒரு பெயரைப் பார்த்ததும் நம் ஆட்களுக்கு ஒரு மனிதர் கதவருகே நிற்பதுபோல் ஆகிவிடுகிறது.

பெரும்பாலும் அது ஒன்றுமே இல்லாததாக இருக்கும். தில்லைநகரில் ஒரு டாக்டர் வீட்டில் எல்லோரும் பயந்துபோய்க் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் பொங்கலுக்கு வாங்கிய, வைஃபையோடு இணையும் வாஷிங் மெஷின். உறையூரில் ஒரு பேராசிரியர் பாஸ்வேர்டை மாற்றிக்கொண்டே இருந்தார், அந்தத் தெரியாத கருவி திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தது. கடைசியில் அது அவருடைய சட்டைப்பையில் இருந்த போன்தான். இப்போதைய போன்கள் சில நேரம் தங்கள் அடையாள எண்ணை மாற்றிக்கொண்டு புது ஆள் மாதிரி வந்து நிற்கும். இவற்றையெல்லாம் நீங்களும் பார்ப்பீர்கள், சிரிப்பீர்கள், மறந்துவிடுவீர்கள்.

ஒன்றை மட்டும் நான் மறக்கவில்லை. ஓய்வுபெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் நடந்தது.

அப்போது மலைக்கோட்டைக்குக் கீழே, ஜவுளிக்கடைகளுக்கு நடுவில் ஒரு மாடியில் எங்கள் ஆபீஸ். மதியச் சாப்பாட்டு நேரம். ஒரு அழைப்பு என்னிடம் மாற்றிவிடப்பட்டது.

"மேடம், ஒரு சின்ன விஷயம். எங்க வீட்டு வைஃபைல கார்த்தின்னு ஒரு போன் காட்டுது. அது யாரோடதுன்னு கண்டுபிடிச்சுச் சொல்ல முடியுமா?"

யார், எங்கிருந்து என்று கேட்டேன். பெயர் செந்தில். முசிறிக்காரர். மஸ்கட்டில் கிரேன் ஓட்டுகிறார். மனைவி கௌரியும் ஸ்கூலுக்குப் போகும் ஒரு மகளும் ஸ்ரீரங்கத்தில் வாடகை வீட்டில் மாடியில் இருக்கிறார்கள். போன தடவை லீவில் வந்தபோது வைஃபை பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் ஆப்பைத் தன் போனில் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். எந்தெந்தக் கருவி அந்த நேரத்தில் இணைந்திருக்கிறது என்று அது அங்கே இருந்தே காட்டும்.

"வீட்ல என் வொய்ஃபும் பொண்ணும் மட்டும்தான் மேடம். பொண்ணு ஸ்கூல்ல இருக்கிற நேரத்துல அந்தப் போன் வீட்ல இருக்கு. தினமும்."



"வீட்ல கேட்டீங்களா சார்?"

"கேட்டேன். வீட்டுக்கு யாராச்சும் வராங்களான்னு கேட்டேன். யாரும் வரலன்னு சொல்றா." குரலைத் தாழ்த்தினார். "நீங்க லைன் செக் பண்ண வந்தேன்னு சொல்லிட்டுப் போங்க மேடம். நான் கூப்பிட்டேன்னு சொல்ல வேணாம்."

"அப்படி என்னால போக முடியாது சார். கனெக்ஷன் உங்க மனைவி பேர்ல இருக்கு. அவங்க வீட்டுக்குள்ள போய் அவங்களுக்குத் தெரியாம நான் எதையும் தேட மாட்டேன். போனா, நீங்க கூப்பிட்டீங்கன்னு சொல்லிட்டுத்தான் தேடுவேன்."

 அவருக்குப் பின்னால் ஏதோ இரும்பு உரசும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னார்.

"அப்ப விடுங்க மேடம். எங்க பெரியப்பா பையன் முசிறிலேர்ந்து பஸ் ஏறிட்டாரு. அவரு போய் வீட்ல உக்காந்துப்பாரு. எவன் வரான்னு பாத்துடலாம்."

உங்களில் யாராவது அந்த இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள் சார் என்று சொல்லி போனை வைத்துவிடலாம். பத்தில் ஒன்பது பேர் அதைத்தான் சொல்வோம். மாற்றினால் கார்த்தி என்ற பெயர் லிஸ்டிலிருந்து போயிருக்கும். ஆனால் அவர் மனதில் இருக்கிற கார்த்தி போயிருக்க மாட்டான். மாட்டிக்கொண்டதும் கௌரி ஆளை உஷார்ப்படுத்திவிட்டாள் என்றுகூட நினைத்திருப்பார். காலம் முழுக்க அந்தப் பெண் வராத ஒருவனுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

எனக்கு அவரிடம் ஒன்று கேட்கத் தோன்றியது. "சார், நீங்க அந்த லிஸ்ட்டை எப்பெல்லாம் பார்ப்பீங்க?"

"லஞ்ச் பிரேக்ல. கிரேன்ல ஏறிட்டா போனைத் தொடக் கூடாது."

"சாயந்தரம்?"

"சாயந்தரம் ரூமுக்கு வந்தா பொண்ணுகூடப் பேசவே நேரம் சரியா இருக்கும். அப்பல்லாம் பாக்கறதில்ல."

"உங்க லஞ்ச் பிரேக் நம்ம ஊருக்கு மத்தியானம். நீங்க மத்தியானம் மட்டும்தான் பாக்குறீங்க. அப்ப அது மத்தியானம் மட்டும்தான் வருதுன்னு எப்படிச் சொல்றீங்க?"

 

"வீட்டுக்குப் போங்க மேடம்," என்றார். குரல் வேறு மாதிரி ஆகியிருந்தது. "சொல்லிட்டே போங்க. ஆனா அண்ணன் போறதுக்குள்ள போயிடுங்க. நான் கூப்பிட்டுப் பாக்குறேன், பஸ்ல இருக்காரு, எடுக்க மாட்டேங்கறாரு."

டிபன் பாக்ஸை மூடிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். தெப்பக்குளத்தைச் சுற்றி வழக்கம்போல நெரிசல். ஒரு தள்ளுவண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு எனக்குள் கணக்குப் போட்டேன். முசிறி பஸ் எந்த நேரத்திலும் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குள் நுழையலாம். அங்கிருந்து ஸ்ரீரங்கத்துக்கு டவுன் பஸ் அடிக்கடி உண்டு. காவிரிப் பாலத்தில் என்னை முந்திக்கொண்டு போன ஒவ்வொரு பஸ்ஸிலும் அந்த அண்ணன் உட்கார்ந்திருப்பதாகவே எனக்குப் பட்டது. நான் அவரைப் பார்த்ததுகூட இல்லை.

வீடு அம்மா மண்டபம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது. கீழே வீட்டுச் சொந்தக்காரர்கள். மாடிக்குப் பக்கவாட்டில் படி. கீழ்வீட்டு ஜன்னல் வழியாக நாதஸ்வரம் கேட்டுக்கொண்டிருந்தது. படியேறிப் பெல்லை அடித்தேன்.

கதவைத் திறந்த பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். கையில் ஈரம். துணி அலசிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் யார், எந்த ஆபீஸ் என்று சொன்னேன். அடையாள அட்டையைக் காட்டினேன்.

"நாங்க கம்ப்ளைன்ட் எதுவும் குடுக்கலியே மேடம்?"

"உங்க வீட்டுக்காரர் கூப்பிட்டாரு. உக்காந்து பேசலாமா?"

சொல்ல வேண்டியதைச் சுற்றி வளைக்காமல் சொன்னேன். வைஃபையில் கார்த்தி என்று ஒரு போன் தெரிகிறது, அது அவரைத் தொந்தரவு செய்கிறது, அது எது என்று உங்களோடு சேர்ந்து பார்க்கத்தான் வந்திருக்கிறேன் என்றேன். அண்ணன் வந்துகொண்டிருப்பதையும் சொன்னேன். அதை மறைத்திருந்தால் அந்த ஆள் வந்து நின்றதும் என்மேலும் நம்பிக்கை போயிருக்கும்.

கௌரி புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். கை காய்ந்த பிறகும் துடைத்தாள்.

"வீட்டுக்கு யாராச்சும் வராங்களான்னு கேட்டாரு மேடம்," என்றாள். "கேபிள்காரர், கேஸ்காரர் யாராச்சும் வந்தாங்களான்னு கேக்குறாருன்னு நெனச்சேன். தனியா இருக்கேன்னு அக்கறையாக் கேக்குறாருன்னு நெனச்சேன்."

 நான் ஆறுதல் சொல்லவில்லை. பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து, அவள் பார்க்கும்படி இருவருக்கும் நடுவில் வைத்தேன். அவளே பாஸ்வேர்டைப் போட்டாள்.

லிஸ்ட் சின்னதுதான். அவள் போன், டிவி, மகள் பாடம் பார்க்கும் டேப்லெட், அப்புறம் கார்த்தி. அந்த நிமிடமும் கார்த்தி இணைப்பில் இருந்தது.

"இப்ப இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு."

"வீட்ல நம்ம ரெண்டு பேரைத் தவிர யாருமில்லையே மேடம்."

எவ்வளவு நேரமாக இணைந்திருக்கிறது என்பதை அடுத்த பக்கம் காட்டியது. கடைசியாகக் கரண்ட் போய் வந்ததிலிருந்து அது ஒரு தடவைகூட விலகவில்லை. பகலில், இரவில், விடியற்காலையில், எப்போதும் இருந்திருக்கிறது. செந்தில் நினைத்ததுபோல் வந்து வந்து போகிற ஆள் இல்லை என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிட்டது. எனக்குப் பாதி பாரம் இறங்கியது. சந்தோஷமாக அவளிடம் காட்டினேன்.

அவள் முகம் வெளுத்துவிட்டது.

"ராத்திரி பூரா இருக்கா? நாங்க தூங்கறப்பவுமா?" எழுந்து நின்றாள். "கேமராவா இருக்குமா மேடம்? பாத்ரூம்ல எங்கயாச்சும் வெச்சிருப்பாங்களா? நாங்க வரதுக்கு முன்னாடி வேற ஆளுங்க குடியிருந்தாங்க."

இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கணவனின் சந்தேகத்துக்கு நல்ல செய்தியாக இருந்த அதே வரி மனைவிக்குப் பெரிய பயமாக ஆகிவிட்டது. திரையில் தெரிவதை வாசித்துக் காட்டினால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். யாரிடம் வாசிக்கிறோம், அவர் எதைக் கேட்டுக்கொள்கிறார் என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

அவள் பாத்ரூம் கதவை இழுத்துச் சாத்திவிட்டு அதன் மேலேயே கையை வைத்துக்கொண்டு நின்றாள். வீடு முழுக்கக் கவிழ்த்துத் தேடலாம் என்றாள். வேண்டாம் என்றேன். பயத்தோடு தேடுகிறவர்களுக்குச் சுவரில் இருக்கிற ஒவ்வொரு ஆணித் துளையும் கேமராவாகத் தெரியும். தேடி ஒன்றும் கிடைக்காவிட்டாலும் பயம் தீராது.

"இங்க வாங்க, இதைப் பாருங்க. இந்தக் கோடு சிக்னல். உங்க போனுக்கு முழுசா இருக்கு. பாத்ரூம் இந்த வைஃபை பெட்டிக்கு அடுத்த சுவர்தான். அங்க ஏதாவது இருந்தா அதுக்கும் நல்லா இருக்கணும். கார்த்திக்குப் பாருங்க, ரொம்பக் கம்மி. இது உங்க வீட்டுக்குள்ள இல்ல. எங்கயோ வெளில இருக்கு."

அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. ஆனால் வந்து உட்கார்ந்தாள்.

எனக்கு இருந்த வழி ஒன்றுதான். லிஸ்டில் இருக்கிற கருவியை மட்டும் கொஞ்ச நேரம் நிறுத்திவைக்கலாம். நிறுத்தினால் எங்கேயோ ஏதோ ஒன்று நிற்கும். எது நின்றது என்று தெரிந்தால் அது எது என்று தெரிந்துவிடும். ஆனால் யாராவது உண்மையிலேயே கெட்ட எண்ணத்தோடு நுழைந்திருந்தால், நிறுத்திய உடனே அவன் உஷாராகிவிடுவான். அதனால் முதலில் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டேன். போலீசுக்குப் போகவேண்டி வந்தால் கையில் ஏதாவது இருக்க வேண்டும். அவளையும் அவள் போனில் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். பிறகு, நிறுத்தட்டுமா என்று அவளிடம் கேட்டேன். தலையசைத்தாள்.

நிறுத்தினேன்.

ஒன்றும் நடக்கவில்லை. மின்விசிறி சுற்றியது. தெருவில் ஒரு ஆட்டோ போயிற்று. கீழ்வீட்டு நாதஸ்வரம் கேட்டுக்கொண்டிருந்தது. கௌரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கோ வாசல் பக்கம் காது. அந்த அண்ணன் படியேறிவிடுவாரோ என்று.

நாதஸ்வரம் பாதியில் அறுந்து நின்றது.

 கீழிருந்து டொக், டொக் என்று கட்டிலைத் தட்டும் சத்தம் வந்தது. பிறகு ஒரு பெண் குரல், மாடிப்படியின் அடியிலிருந்து.

"ஏம்மா கௌரி! ஒங்காத்துலயும் நெட்டு போயிடுத்தா? இவர் பாட்டு நின்னுடுத்து, கட்டிலைத் தட்டிண்டே இருக்கார்!"

கௌரி வாயில் கை வைத்துக்கொண்டாள். அந்தப் போன் முன்பே இறக்கிவைத்திருந்த பாட்டு தீரும்வரை ஓடியிருக்கிறது. நான் நிறுத்தியதை விடுவித்தேன். ஒரு மூச்சு விடும் நேரத்துக்குப் பின் நாதஸ்வரம் திரும்ப வந்தது. தட்டும் சத்தம் நின்றது. "வந்துடுத்து, வந்துடுத்து!" என்றது அந்தக் குரல்.

கௌரி சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. நான் அவளுக்குத் தண்ணீர் எடுத்துவரப் போனேன்.  முதலில் நானே ஒரு டம்ளர் குடித்தேன்.

இரண்டு பேரும் கீழே போனோம். வீட்டுச் சொந்தக்கார மாமி கதவருகிலேயே நின்றிருந்தார். உள்ளே கட்டிலில் மாமா. பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவர். பேச்சு வரவில்லை. ஒரு கை மட்டும் நன்றாக இருந்தது. அந்தக் கையின் விரல்கள் போர்வையின் மேல் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. தலைமாட்டு ஸ்டூலில், சார்ஜர் செருகியபடி, ஓரத்தில் கீறல் விழுந்த ஒரு பழைய போன் பாடிக்கொண்டிருந்தது.

"இது யார் போன் மாமி?" என்று கௌரி கேட்டாள்.

"மாப்பிள்ளையோட பழைய போன்மா. கார்த்தி பெங்களூருக்குக் கெளம்பறச்சே இவருக்குப் பாட்டு வெச்சுக் குடுத்துட்டுப் போனான். எனக்கு அதை நிறுத்தக்கூடத் தெரியாது. ராப்பகலா பாடிண்டே இருக்கு. நின்னா இவருக்குத் தூக்கமே வரதில்லே." மாமிக்குத் திடீரென்று கவலை வந்துவிட்டது. "ஏன், இதனால ஒனக்கு ஏதாவது தொந்தரவாயிடுத்தா? அன்னிக்கு இவரை ஆஸ்பத்திரிலேந்து அழைச்சுண்டு வந்தப்போ, கீழே சிக்னலே இல்லேன்னு பொண்ணு ஒன்கிட்ட வைஃபை பாஸ்வேர்டு கேட்டாளே. அவ போன்ல இருந்ததைத்தான் இதுலயும் போட்டுண்டான் போலிருக்கு."

"நான்தான் மாமி குடுத்தேன். மறந்தே போயிட்டேன்," என்றாள் கௌரி.

அவள் கொடுத்தது மாமியுடைய பெண்ணின் போனுக்கு. பெண்ணிடமிருந்து மாப்பிள்ளைக்குப் போயிருக்கிறது. கார்த்தி என்ற பெயரை அவள் கேள்விப்படவேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. மாமி அதுவரை அவரை மாப்பிள்ளை என்றுதான் சொல்லியிருக்கிறார், பெண் அவர் பெயரைச் சொன்னதே இல்லை.

மாமி என்னைப் பார்த்தார். "வைஃபைல புதுசா ஒரு போன் தெரிஞ்சுது மாமி. எதுன்னு பார்க்க வந்தேன். பார்த்தாச்சு," என்றேன். அது பொய்யில்லை. அதற்கு மேல் அவருக்குத் தெரியவேண்டியதும் இல்லை.

வெளியே வந்ததும் கௌரி என் கையைப் பிடித்தாள். "நீங்களே அவர்கிட்டச் சொல்லிடுங்க மேடம். நான் பேச மாட்டேன்."

ஒரு வரியில் சொல்லிவிடலாம்தான். ஆனால் நான் சொன்னால் அது சாட்சி சொல்வது மாதிரி ஆகிவிடும். எந்தத் தப்பும் செய்யாதவளுக்கு எதற்குச் சாட்சி?

"நீங்களும் சொல்ல வேணாம். காட்டிடுங்க," என்றேன்.

 அவள் திரும்ப உள்ளே மாமியிடம் போய், "எங்க வீட்டுக்காரர்கிட்ட மாமாவை வீடியோல காட்டட்டுமா மாமி?" என்று கேட்டாள். மாமிக்கு மகிழ்ச்சி. "செந்திலா! பேஷா காட்டு, இவருக்கும் பொழுது போகும்," என்றார்.

வீடியோ அழைப்பில் செந்திலை முதல் தடவையாகப் பார்த்தேன். தலையில் ஹெல்மெட், வெயிலில் கறுத்த முகம், தூங்காத கண்கள். கிரேனில் ஏறாமல் காத்திருந்திருக்கிறார்.  கௌரி போனை மாமாவின் பக்கம் திருப்பினாள். பிறகு ஸ்டூலின் பக்கம். அந்தப் பழைய போன் தெளிவாகத் தெரியும்படி நெருங்கிப் பிடித்தாள்.

"இதான் கார்த்தி. பேசறீங்களா?" என்றாள்.

செந்தில் பார்த்துக்கொண்டே இருந்தார். மாமி பின்னாலிருந்து, "சௌக்கியமா செந்தில்? மாப்பிள்ளை போன்தான் அது, ஒங்காத்து நெட்டுலதான் பாடறது!" என்று உற்சாகமாகச் சொன்னார். செந்திலின் உதடு அசைந்தது. ஹெல்மெட்டைக் கழற்றி முகத்தின் முன்னால் பிடித்துக்கொண்டார். அழுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. மாமிக்கு லைன் சரியில்லை என்று தோன்றியிருக்கும்.

அந்த நேரத்தில்தான் வாசல் கேட் திறந்தது.

வந்தவர் வாழைக்காய் வியாபாரி மாதிரி இருந்தார். அப்புறம் கேட்டால் வாழைக்காய் வியாபாரிதான். கழுத்தில் துண்டு, கோபமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று வழியெல்லாம் பிடித்துக்கொண்டு வந்த முகம். உள்ளே எட்டிப் பார்த்தவருக்குக் கிடைத்தது ஒரு நோயாளியும் மூன்று பெண்களும் நாதஸ்வரமும்.

"யாரும்மா?" என்றார் மாமி.

"எங்க வீட்டுக்காரரோட அண்ணன், மாமி. முசிறிலேர்ந்து வராரு."

"நான் சும்மா... காந்தி மார்க்கெட்டுக்கு வந்தேன். அப்படியே பாத்துட்டுப் போலாம்னு..." என்று இழுத்தார். கையில் பையோ கூடையோ எதுவும் இல்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். முகத்தோடு கோபத்தையும் சேர்த்துத் துடைத்துவிட்டதுபோல் இருந்தது.

போனிலிருந்து செந்தில் குரல் வந்தது. "அண்ணே, ஒண்ணுமில்லண்ணே. சாப்பிட்டுட்டு ஊருக்குப் போங்க. நான் ராத்திரி பேசறேன்."

அண்ணன் அந்தப் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கௌரியைப் பார்த்தார். "சரிப்பா," என்றார். உண்மையைச் சொன்னால், அவருக்கும் நிம்மதிதான். யாருடைய வீட்டிலோ போய் யாரையோ பிடிக்கவேண்டிய வேலை யாருக்குத்தான் பிடிக்கும்?

"மேல வாங்க, சாதம் இருக்கு," என்றாள் கௌரி. அவள் குரலில் கோபம் இருந்தது. ஆனால் சாதமும் இருந்தது.

நான் லேப்டாப்பை எடுக்க மாடிக்குப் போனேன். வேண்டுமானால் பாஸ்வேர்டை மாற்றித் தருகிறேன் என்றேன். "மாமா தூங்க மாட்டாரு, இருக்கட்டும்," என்றாள். "ஆனா அந்த லிஸ்ட்டு என் போன்லயும் தெரியணும் மேடம். அவரு பாக்குறதை நானும் பாக்கணும்." சரி என்று ஆப்பைப் போட்டுக்கொடுத்தேன். கார்த்தி என்று இருந்த பெயரை அழித்துவிட்டு அவளே 'கீழ்வீட்டு மாமா' என்று அடித்தாள்.

இதிலிருந்து என்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்று நீங்கள் என்னைக் கேட்பீர்கள். தெரியாத கருவி என்றால் முதலில் அதை அழிக்காதீர்கள், அது எது என்று பாருங்கள். பார்ப்பவர் எந்த நேரத்தில் பார்க்கிறார் என்று கேளுங்கள். யாருக்கும் தெரியாமல் யாருடைய வீட்டுக்குள்ளும் போகாதீர்கள். இதையெல்லாம் சொல்லலாம்தான். ஆனால் அந்த வீட்டைச் சரிசெய்தது நான் இல்லை. நான் கிளம்பும்போது நடந்ததைச் சொன்னால் உங்களுக்குப் புரியும்.

அண்ணன் ஹாலில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. கௌரி போனை ஜன்னல் விளிம்பில் சாய்த்து வைத்திருந்தாள். செந்தில் இன்னும் லைனில்தான் இருந்தார். மன்னிப்புக் கேட்கிறார் என்று நினைக்கிறேன், குரல் தெளிவாகக் கேட்கவில்லை. அவள் பாதியில் நிறுத்தினாள்.

"மத்தியானம் சாப்பிடறப்ப போனைத் தொடலாம்ல உங்களுக்கு?"

"தொடலாம்."

"அந்த லிஸ்ட்டைப் பாக்குற நேரத்துல என்னைக் கூப்பிடுங்க."



"தினமுமா? தினமும் என்ன பேசறது கௌரி?"

"என்ன சாப்பிட்டீங்கன்னு சொல்லுங்க."

நான் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினேன். மேலே செந்தில் சொல்லிக்கொண்டிருந்தார். இன்றைக்குப் பருப்பு, கொஞ்சம் முட்டைக்கோஸ், ரொட்டி காய்ந்துபோய்விட்டது என்று. அவள் குறுக்கிட்டு, முட்டைக்கோஸில் தேங்காய் போட்டார்களா என்று கேட்டாள்.